பிரேக் மாற்றிய பிறகு பெடல் அமுங்குகிறது: மீண்டும் காற்று எடுப்பதா, மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதா?

புதிய பேட், புதிய டிஸ்க், சில வேளைகளில் பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் புதிய காலிப்பரும் பூட்டி முடித்துப் பிரேக் பெடலை மிதித்தால், பழைய இறுக்கம் இல்லாமல் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல் கால் உள்ளே போகிறது. பிரேக் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையை, அதாவது காற்று எடுப்பதை, இரண்டு முறை செய்தும் மாற்றமில்லை. இந்த நிலையில் தவிப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. மூன்றாம் முறையும் காற்று எடுக்கலாம். காற்றை விட்டுவிட்டுப் பூட்டிய பாகங்களைச் சரிபார்க்கலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியாக இருந்தால் ஸ்கேன் கருவியை இணைத்து அதன் வால்வுகளை இயக்கிக் காற்றை வெளியேற்றலாம். மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றிவிடலாம். பெரும்பாலானோர் முதல் வழியில் சலித்துப்போய் நேராகக் கடைசி வழிக்குத் தாவுகிறார்கள். வீண் செலவு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

வழிகளை எடைபோடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேட் மாற்றும்போது காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். ஆகவே வேலை முடிந்ததும் முதல் சில மிதிகளில் பெடல் ஆழமாகப் போவது இயல்பு. சிறு சிறு மிதிகளாக மிதித்து, பேட் டிஸ்க்கைத் தொட்டு, பெடல் இறுகிய பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். அந்த இறுக்கம் வரவில்லை என்றாலும், வந்து மறைந்தாலும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் காட்டிவிடலாம் என்ற எண்ணம் அறவே வேண்டாம்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், இந்த வேலையில் ஆயில் பாதை எங்காவது திறக்கப்பட்டதா என்பது. காலிப்பர், வீல் சிலிண்டர், ஹோஸ் ஆகியவற்றுள் ஒன்றைக் கழற்றியிருந்தாலோ, காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறந்திருந்தாலோ, ஆயில் தொட்டி வற்றியிருந்தாலோ, காற்று புகுந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பேட் மட்டும் மாற்றி, நிப்பிளைத் தொடாமல், தொட்டியில் ஆயில் குறையாமல் வேலை முடிந்திருந்தால் காற்று நுழைய வழியே இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் காற்று எடுக்க உட்காருவது, நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் தடவுவதாகும்.

இரண்டாவது, பெடல் காலுக்குச் சொல்லும் சேதி. எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரில் தங்கியுள்ள வெற்றிடம் தீரும்வரை நாலைந்து முறை மிதித்துவிட்டுப் பிறகு கவனிக்க வேண்டும். இல்லையென்றால் பூஸ்டரின் உதவி உணர்வை மழுப்பிவிடும். அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் மேலே வந்து கல்போல் நின்றால், பேட் அல்லது (டிரம் பிரேக்கில்) ஷூவுக்கும் சுழலும் பாகத்துக்கும் இடையில் இடைவெளி அதிகம் என்று பொருள். மேலே வந்தும் ஸ்பிரிங் போல் துள்ளினால் காற்று. இறுகி நின்ற பெடல், அழுத்தம் மாறாமல் கால் வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், ஆயில் எங்கோ வெளியே கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டிப் பின்னால் போகிறது. குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்து, நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிறகு மட்டும் தளர்ந்தால், நீர் ஏறிய பழைய ஆயில் கொதித்திருக்கக்கூடும். டாட் 4 என்ற வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீத அளவுக்கு நீர் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி மட்டுமே.

மூன்றாவது, செலவு. பொருளின் விலையோடு அது முடிவதில்லை. உதவிக்கு ஓர் ஆள், வீணாகும் ஆயில், அரை நாள் உழைப்பு, வேலையின்போது புதிதாக உண்டாகும் கெடுதல் ஆகியவையும் அதில் அடக்கம். நான்காவதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்: அந்த வழி பலிக்காமல் போனாலும் நமக்கு ஏதாவது தெரியவருமா? பெடலைச் சரிசெய்யாவிட்டாலும் பழுது இருக்கும் இடத்தைச் சுருக்கிக் காட்டும் வழி, தற்செயலாகச் சரிசெய்துவிடும் வழியைவிட மேலானது.

காற்றுக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 22 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 3.8 சதுர செ.மீ. பாதையில் ஒரே ஒரு கன சென்டிமீட்டர் காற்று இருந்தால், பிரேக் அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்பப் பிஸ்டன் 2.6 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால் காலடியில் அது 13 மி.மீ. அவ்வளவு சிறிய குமிழி ஒரு விரல் அகலத்துக்குப் பெடலை இறக்குகிறது.

முதல் வழி: மீண்டும் காற்று எடுப்பது

ஆயில் பாதை திறக்கப்பட்டு, பெடல் துள்ளுகிறது என்றால் இதுவே சரியான முதல் வழி. ஆனால் முன்பு தோற்ற அதே முறையில் மூன்றாம் தடவையும் எடுப்பதில் பயனில்லை. முறையை மாற்ற வேண்டும்.

ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறக்கும் இருவர் முறைக்குத் தனிக் கருவி வேண்டாம். மிதிப்பவர் "பிடித்திருக்கிறேன்" என்று சொன்ன பிறகே நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். கால் கீழே இருக்கும்போதே மூடிவிட வேண்டும். மூடியாயிற்று என்று கேட்ட பிறகே காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை அரை நொடி பிசகினால், வெளியே போன காற்று நிப்பிள் வழியாகத் திரும்ப உள்ளே ஏறும். தெளிவான பிளாஸ்டிக் குழாயை நிப்பிளில் மாட்டி, அது முதலில் மேல்நோக்கி வளைந்து பிறகு ஆயில் உள்ள புட்டிக்குள் முங்கியிருக்கும்படி வைத்தால், குமிழி தன் இயல்பிலேயே மேலேறி விலகிப் போகும்.

இந்த முறையின் மறைமுகச் செலவு பலருக்குத் தெரிவதில்லை. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் பாதையின் ஒரு பகுதியில்தான் போய்வரும்; அதற்கு அப்பாலுள்ள பகுதியில் ஆண்டுக்கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் சீலின் உதடு அந்தக் கரடான பகுதியில் உரசிக் கிழியலாம். வந்தது ஒரு பழுது, உண்டாக்கியது இன்னொரு பழுது என்றாகிவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து மிதியின் ஆழத்தைக் குறைத்துக்கொள்வது இதற்கு எளிய காப்பு.

நிப்பிளில் உறிஞ்சும் வெற்றிட பம்ப் தனியாக வேலை செய்பவருக்குத் தோதானது. ஆனால் நிப்பிளின் மரைச் சந்து வழியாகவும் காற்று உறிஞ்சப்படுவதால் குழாயில் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே காற்று தீர்ந்ததா இல்லையா என்பதே புரியாது. தொட்டியின் மூடிக்குப் பதிலாக ஓர் இணைப்பைப் பொருத்தி மேலிருந்து ஒரு பார் (அழுத்த அலகு) அளவுக்கு அழுத்தம் கொடுக்கும் முறையே எனக்குப் பிடித்தது. பெடலைத் தொட வேண்டியதில்லை, மாஸ்டர் சிலிண்டரின் சீலுக்கும் ஆபத்தில்லை. மூடி சரியாக உட்காராவிட்டால் ஆயில் பீறிட்டு வண்டியின் வண்ணப்பூச்சைத் தின்றுவிடும். சிந்திய இடத்தை உடனே நீரால் கழுவ வேண்டும். நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாக வடிய விடும் முறை மிகவும் மெதுவானது. பொறுமை இருந்தால் கெடுதலற்றது.

எந்த முறையானாலும் தொட்டியில் ஆயில் குறையக் கூடாது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்; அது ஒருமுறை வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவான வழக்கம் என்றாலும், சக்கரங்கள் குறுக்காக இணைக்கப்பட்ட வண்டிகளுக்கும் ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளுக்கும் வரிசை வேறாக இருக்கும். அந்த வண்டியின் பணிமனைக் கையேடு சொல்வதே முடிவு.

நாம் பேச்சில் பிரேக் ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டாலும் அது எண்ணெய் அல்ல. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள். டாட் 5 மட்டும் சிலிக்கோன், அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் அத்தனையும் ஊதிப்போகும். பிறகு காற்று எடுப்பது பற்றிப் பேச்சே இல்லை, ரப்பர் உள்ள பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாம் வழி: காற்றை விட்டுவிட்டுப் பாகங்களைச் சரிபார்ப்பது

பேட் மட்டும் மாற்றியவருக்கு இதுவே முதல் வழி. காலிப்பர் மாற்றியவருக்கும், ஒருமுறை ஒழுங்காகக் காற்று எடுத்தும் பலனில்லை என்றால் அடுத்த வழி இதுதான். பொருட்செலவு ஏறக்குறைய இல்லை. சக்கரங்களை மீண்டும் கழற்ற வேண்டும் என்பதுதான் பாடு.

காலிப்பர் இடம் வலம் மாறிப் பூட்டப்படுவது அனுபவமுள்ளவருக்கும் நேர்கிறது. ஒருமுறை நான் முன்பக்கக் காலிப்பர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றி மாற்றினேன். மூன்று முறை காற்று எடுத்தேன். குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. இளமஞ்சளாக, தெளிவாக இறங்கியது ஆயில். பெடலோ இறங்கியது இறங்கியபடியே இருந்தது. நான்காம் முறை ஸ்பேனரைப் போடக் குனிந்தபோதுதான் நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கத்திலும் ஹோஸ் சேரும் இடம் மேற்பக்கத்திலும் இருந்ததைக் கண்டேன். காற்று மேலேறும், நிப்பிள் கீழே இருந்தால் உச்சியில் தங்கிய குமிழி எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. காலிப்பர்களை இடம் மாற்றிப் பூட்டி ஒருமுறை காற்று எடுத்ததும் பெடல் நின்றது. அன்றிலிருந்து, நிப்பிள் உச்சியில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே ஆயில் புட்டியைத் திறக்கிறேன்.

ஹேண்ட் பிரேக் பொறி உள்ளடங்கிய பின்பக்கக் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனை வெறுமனே தள்ளாமல் திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும். பிஸ்டனின் முகத்தில் பள்ளங்கள் இருக்கும். பேட்டின் முதுகில் ஒரு சிறு முளை இருக்கும். முளை பள்ளத்தில் உட்காராமல் மேட்டில் ஏறி நின்றால் பேட் சாய்வாக நிற்கும். ஒவ்வொரு மிதியிலும் அது வளைந்து நிமிரும், அந்த வளைவு காலுக்குத் தளர்வாகத் தெரியும். பேட்டின் முதுகில் வைக்கும் பழைய தகட்டின் மேல் புதிய தகட்டையும் சேர்த்து அடுக்கியிருந்தாலும், காலிப்பர் நகரும் ஊசிகள் வறண்டு இறுகியிருந்தாலும், ஓரத்தில் மேடு விழுந்த பழைய டிஸ்க்கில் புதிய பேட்டைப் பூட்டியிருந்தாலும் இதே உணர்வுதான். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துருவைச் சுரண்டாமல் விட்டிருந்தால் டிஸ்க் தள்ளாடிச் சுழன்று பேட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் மிதி ஆழம், அடுத்த மிதி சரி என்பது அதன் அடையாளம்.

டிரம் பிரேக்குக்கு ஓர் அருமையான சோதனை உண்டு. பின்பக்க ஷூக்களை இயக்கும் ஹேண்ட் பிரேக்கை நாலைந்து பல் இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென உயர்ந்து நின்றால், ஷூக்களுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி அதிகம். சரிசெய்யும் திருகைத் திருகி, டிரம் இலேசாக உரசிச் சுழலும் அளவுக்கு ஷூவைக் கொண்டுவந்தால் போதும். ஒரு துளி ஆயில்கூடச் செலவில்லாமல் பழுது தீர்ந்துவிடும்.

ஹோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழற்றிய காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த எடையால் ஹோஸின் உள்சுவர் கிழியலாம். ஒருவர் அழுந்த மிதிக்கும்போது இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் பழைய ரப்பர் ஊதுவது விரலுக்குத் தெரியும். காலிப்பரில் ஹோஸைப் பூட்டும் போல்ட்டின் இரு புறமும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டீர்களா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

இடையில் ஒரு சோதனை

மூன்றாம், நான்காம் வழிகளுக்குப் போகுமுன் நான் வலியுறுத்துவது இதை: ஹோஸ்களைக் கவ்வி அடைக்க உருண்ட வாயுள்ள தனிக் கவ்விகள் கிடைக்கின்றன. எல்லாச் சக்கரங்களின் ரப்பர் ஹோஸ்களையும் அடைத்துவிட்டுப் பெடலை மிதித்தால், கல்போல் நிற்கிறதா என்பது தெரியும். நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நலமாக இருக்கிறது. அதை மாற்ற நினைத்த செலவு அந்த நொடியே மிச்சம். பிறகு ஒவ்வொரு கவ்வியாக எடுக்க, எந்தச் சக்கரத்தைத் திறந்ததும் பெடல் இறங்குகிறதோ பழுது அங்கே. எல்லாம் அடைத்த பிறகும் தளர்வாகவே இருந்தால் பழுது மேலே, அதாவது மாஸ்டர் சிலிண்டரிலோ ஏபிஎஸ் பெட்டியிலோ இருக்கிறது. பல்லுள்ள இடுக்கியால் ஹோஸைப் பிடிக்கக் கூடாது; கம்பி பின்னிய ஹோஸையும், வெடிப்பு விழுந்த முதிய ஹோஸையும் கவ்வவே கூடாது.

மூன்றாம் வழி: ஸ்கேன் கருவியால் ஏபிஎஸ் பெட்டியிலிருந்து காற்றை வெளியேற்றுவது

ஏபிஎஸ் பெட்டிக்குள் சாதாரண ஓட்டத்தில் மூடியே இருக்கும் வால்வுகளும் அவற்றுக்குப் பின்னால் சிறு அறைகளும் உள்ளன. அங்கே புகுந்த காற்று சக்கரத்து நிப்பிளில் எவ்வளவு எடுத்தாலும் வராது; கருவி கட்டளையிட்டு வால்வையும் பம்ப்பையும் இயக்கினால்தான் வரும். தொட்டி முற்றிலும் வற்றியவர்களுக்கும், மாஸ்டர் சிலிண்டரையோ ஏபிஎஸ் பெட்டியையோ கழற்றியவர்களுக்கும் இது தேவைப்படலாம். பேட் மட்டும் மாற்றியவருக்குத் தேவையே இல்லை. எல்லாக் கருவிகளிலும் எல்லா வண்டிகளுக்கும் இந்த வசதி இருக்காது என்பதை வாங்குமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆளில்லாத வெட்டவெளியில் வண்டியை ஓட்டி, சடாரென மிதித்து ஏபிஎஸ்ஸை இயங்கவைத்துவிட்டுப் பிறகு காற்று எடுக்கும் குறுக்குவழி ஒன்றைச் சிலர் சொல்வதுண்டு. தளர்ந்த பெடலோடு வேகமெடுப்பதைக் கோரும் எந்த யோசனையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சில ஹைப்ரிட் வண்டிகளில் கதவைத் திறந்தாலே பம்ப் இயங்கிப் பிரேக் பாதையில் அழுத்தம் ஏறும். அத்தகைய வண்டிகளில் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் காலிப்பரில் கைவைப்பதே ஆபத்து. அங்கே தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே சிக்கனம்.

நான்காம் வழி: மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது

அழுத்தம் மாறாமல் மிதித்திருக்கும்போது பெடல் இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே எங்கும் கசிவில்லை, கவ்விச் சோதனையும் மேலே கைகாட்டுகிறது என்றால் இந்த வழி நியாயமானது. ஏபிஎஸ் பெட்டியின் வால்வு கசிந்தாலும் பெடல் இதேபோல் இறங்கும் என்பதால், மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாய்களைப் பொருத்தமான அடைப்பான்களால் மூடி மிதித்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அப்போதும் இறங்கினால் ஐயமே இல்லை. தொட்டியில் ஆயில் குறைந்துகொண்டே வந்தும் சக்கரங்கள் எல்லாம் உலர்ந்தே இருந்தால், பின் சீல் வழியாகப் பூஸ்டருக்குள் கசிகிறதா என்றும் பாருங்கள்.

இதன் மறைமுகச் செலவுதான் நான்கிலும் பெரியது. புதிய சிலிண்டரை வண்டியில் ஏற்றுமுன் பட்டறைப் பிடியில் வைத்து அதன் காற்றை எடுக்க வேண்டும்; ஏற்றிய பிறகு நான்கு சக்கரங்களிலும் மீண்டும் எடுக்க வேண்டும்; ஏபிஎஸ் இருந்தால் மூன்றாம் வழியும் சேர்ந்துகொள்ளும். ஆக, இதைத் தேர்ந்தவர் மற்ற வேலைகளையும் சேர்த்தே தேர்கிறார். சோதிக்காமல் மாற்றியபின் பெடல் சரியாகிவிட்டாலும், புதிய சிலிண்டர் சரிசெய்ததா, அதோடு எடுத்த காற்று சரிசெய்ததா என்பது கடைசிவரை தெரியாது.

| வழி | எப்போது ஏற்றது | மறைமுகச் செலவு | பலிக்காவிட்டால் தெரிவது |
|---|---|---|---|
| மீண்டும் காற்று எடுத்தல் | பாதை திறந்தது, பெடல் துள்ளுகிறது | ஆயில், உதவியாள், சீல் கிழியும் ஆபத்து | சொற்பமே |
| பாகங்களைச் சரிபார்த்தல் | பேட் அல்லது ஷூ மட்டும் மாறியது. அடுத்தடுத்த மிதியில் பெடல் இறுகுகிறது | உழைப்பு மட்டுமே | மிகுதி |
| ஏபிஎஸ் காற்று நீக்கம் | தொட்டி வற்றியது, சக்கரங்கள் நலம் | கருவி அல்லது பட்டறைக் கூலி | ஓரளவு |
| மாஸ்டர் சிலிண்டர் மாற்றம் | பெடல் இறங்கிக்கொண்டே போகிறது, கசிவில்லை | மற்ற வழிகளின் வேலையும் சேரும் | ஏறக்குறைய ஒன்றுமில்லை |

புதிய பேட் டிஸ்க்கோடு பழகும்வரை சற்றுத் தளர்வு இருக்கும் என்று ஐந்தாவது வழியாகக் காத்திருப்பதைச் சிலர் சொல்வார்கள். பேட் படியும்வரை பிரேக்கின் பிடிப்புச் சற்றுக் குறைவாக இருப்பது உண்மை. ஆனால் ஆழமாகப் போகும் பெடலுக்கோ, இறங்கிக்கொண்டே போகும் பெடலுக்கோ அது காரணமாகாது. அவற்றுக்குக் காத்திருப்பு ஒரு வழியே அல்ல.

எந்த வழியில் சரியானாலும், எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முழு வலுவோடு அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் நிப்பிளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். பிறகு ஆளரவமற்ற சமதளத்தில் நடைவேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். வண்டியை இரவு முழுதும் நிற்கவிட்டு, காலையில் எஞ்சினைத் தொடுமுன் முதல் மிதியைக் கவனியுங்கள்; சிதறிக் கிடந்த நுண்குமிழிகள் அதற்குள் ஒன்றுகூடி மேலேறியிருக்கும். முந்திய மாலையைவிடப் பெடல் கொஞ்சமேனும் ஆழமாகப் போனால், ஒவ்வொரு நிப்பிளிலும் இன்னும் ஒருமுறை சிறிதளவு எடுத்துவிட்டு, தொட்டியில் ஆயில் மேல்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து மூடியை இறுக்குங்கள்.